முகமூடியை இறக்குவதற்கு முன்

அம்பாங்கில் எங்கள் மாமாக் கடையில் தே ஆற்றுகிறவர் இரண்டு குவளைகளையும் முதலில் வாயோடு வாய் ஒட்டிப் பிடிப்பார். தேநீர் விழத் தொடங்கியதும் மேல் கை மெல்ல ஏறும். காற்றில் ஒரு பழுப்புக் கயிறு நீளும். மலாயில் தாரிக் என்றால் இழுப்பது. இழுத்து ஆற்றிய தேநீர்தான் தே தாரிக்.

எதிரே உட்கார்ந்திருந்த தம்பி போன மாதம் ஒரு வெல்டிங் மெசின் வாங்கியிருந்தான். தோளில் மாட்டிக்கொண்டு போகிற சின்ன இன்வெர்ட்டர். வார நாளில் கிடங்கில் வேலை. சனி ஞாயிறில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஜன்னல் கிரில், கார் போர்ச்சுக்குக் கூரைச் சட்டம் என்று அடித்துக் கொடுக்கலாம் என்பது அவன் எண்ணம். நான் முப்பது வருடமாக இந்த நெருப்போடு இருப்பவன் என்பதால் என்னிடம் வந்தான்.

"அண்ணே, அடிச்சுப் பார்த்தேன், கோடு நல்லாத்தான் ஓடுது. வேற என்ன தெரிஞ்சுக்கணும்?"

தே ஆற்றுகிறவரைக் காட்டினேன். "அவர் செய்றததான் நீயும் செய்ற, தம்பி."

ராடின் நுனியை இரும்பில் உரசி உடனே கொஞ்சம் தூக்குகிறோம். தொட்டபோது ஓடத் தொடங்கிய மின்சாரம், தூக்கிய பிறகும் நிற்பதில்லை. இடையில் உள்ள காற்றையே கம்பியாக்கிக்கொண்டு பாய்கிறது. அந்தச் சின்ன இடைவெளியில் வெப்பம் 6,000 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும். இரும்பு உருக 1,500 டிகிரி போதும். இடைவெளி ராடின் உள்கம்பி கனத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் வேலை அமைதியாக ஓடும். நெருங்கினால் ராட் ஒட்டிக்கொள்ளும். விலகினால் பொறி சிதறி, நெருப்பு அறுந்துபோகும். கை பழகப் பழக இது வந்துவிடும். அவனுக்கு ஒரு மாதத்திலேயே வந்துவிட்டது.

"இப்போ கண்ணை மூடு. உனக்குப் பின்னால என்ன இருக்குன்னு சொல்லு."

மூடிக்கொண்டு யோசித்தான். "ஒரு மேசை... ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க... ஒரு தூண்."

திறந்து திரும்பிப் பார்த்தான். ரொட்டி சானாய் போடுகிற கல்லுக்குக் கீழே கேஸ் தோங் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை.

வெல்டிங் கண்ணாடியின் இருட்டு 10 அல்லது 11 எண். அதை முகத்தில் இறக்கிவிட்டால் உருகிக் கிடக்கும் அந்தச் சிறு குழம்பைத் தவிர உலகத்தில் எதுவும் தெரியாது. பொறி எங்கே போய் விழுகிறது, கேபிள் எதன் மேல் கிடக்கிறது, பக்கத்து வீட்டுக் குழந்தை எப்போது வந்து நின்றது, ஒன்றும் தெரியாது. எனவே பாதுகாப்பு என்று நாம் சொல்வதை முகமூடிக்கு உள்ளே இருந்துகொண்டு செய்ய முடியாது. அது இறங்குவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அவனுக்குச் சொல்ல என்னிடம் இருந்தது இந்த ஒன்றுதான். அதைத் தொடங்குகிற இடம் வீட்டுச் சுவர், ஏனென்றால் மின்சாரம் அங்கிருந்துதான் வருகிறது.

நம் ஊர் மூன்று முள் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தாங்குவது சுமார் 3 கிலோவாட். 200 ஆம்பியர் என்று எழுதிய மெசினை முழு வேகத்தில் ஓட்டினால் நெருப்பின் மின்னழுத்தம் 28 வோல்ட் அளவில் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 5,600 வாட். மெசினுக்குள்ளேயே வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து இழுப்பது இன்னும் அதிகம். சமையலறைச் சாக்கெட்டால் இதைக் கொடுக்க முடியாது. 2.6 மில்லிமீட்டர் ராடை 80 ஆம்பியரில் அடித்தாலே அந்த 13 ஆம்பியரை நெருங்கிவிடுவோம். ஃபியூஸ் போகிறது என்று அதற்குப் பதிலாகக் கம்பியை முறுக்கிப் போடுகிறவர்கள், வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயரையே ஃபியூஸாக மாற்றிவிடுகிறார்கள்.

பெரிய வேலை செய்யும் எண்ணம் இருந்தால், டிபி பெட்டியிலிருந்து மெசினுக்கென்று தனி வயர், தனி பிரேக்கர், தனி சாக்கெட் வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவின் சான்றிதழ் பெற்ற வயர்மேன். வாடிக்கையாளர் வீட்டில் சின்ன ராடோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எக்ஸ்டென்ஷன் வயர் தடிமனாக, சிரிம் தர முத்திரை உள்ளதாக இருக்கட்டும். சுருளில் சுற்றிய வயராக இருந்தால் முழுவதையும் அவிழ்த்துத் தரையில் போட வேண்டும். சுற்றியபடியே ஓட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே உருகும்.

மெசினின் முதுகில் ஒரு தகடு இருக்கும். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்த எண்ணை விட்டுவிட்டு அந்தத் தகட்டைப் படிக்கச் சொன்னேன். 200 ஆம்பியர், 30 சதவீதம் என்று போட்டிருந்தால், பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம்தான் அந்த வேகத்தில் அடிக்கலாம். மற்ற ஏழு நிமிடம் விசிறி ஓட, மெசின் ஆற வேண்டும். இந்தக் கணக்கு 40 டிகிரி வெயிலுக்குப் போட்டது. மதியம் ஒரு மணிக்குத் தகரக் கூரைக்கு அடியில் அதையும் நம்ப முடியாது.

"எர்த்தை எங்க மாட்டின?" என்று கேட்டேன்.

"கேட்லதான் அண்ணே. எல்லாம் இரும்புதானே?"

இந்த இடத்தில் இன்னொரு தேநீர் சொன்னேன்.

நாம் எல்லோரும் அதை எர்த் என்கிறோம். அந்தப் பெயர்தான் பல பேரை ஏமாற்றுகிறது. அது மின்சாரம் மெசினுக்குத் திரும்பிப் போகிற பாதை. ஹோல்டர் வழியாக 80 ஆம்பியர் வெளியே போனால், அதே 80 ஆம்பியரும் ஏதோ ஒரு வழியில் திரும்பி வந்தாக வேண்டும். அம்பாங் என்ற பெயரே நீரைத் தடுத்து நிறுத்துகிற அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். 1857இல் ஈயம் தேடிக் கிள்ளான் ஆற்றில் ஏறி வந்தவர்கள் தோண்டிய மண் இது. ஈயம் கழுவியவர்களுக்குத் தண்ணீரின் குணம் தெரியும்: வாய்க்காலை ஒழுங்காக வெட்டித் தராவிட்டால் அது தன் வாய்க்காலைத் தானே வெட்டிக்கொள்ளும். மின்சாரமும் அப்படித்தான்.

கிளாம்ப்பைக் கேட்டின் ஒரு மூலையில் மாட்டிவிட்டு மறு மூலையில் அடித்தால் மின்சாரம் கீல் வழியாகப் போகும், உருளை வழியாகப் போகும். ஆட்டோகேட்டாக இருந்தால் மோட்டாரின் பேரிங்கையும் சர்க்யூட்டையும் தின்றுவிடும். தொடர்பு சரியில்லாத இடத்தில் வீட்டின் எர்த் வயரையே திரும்பும் பாதையாக்கி, அதைச் சுவருக்குள்ளேயே எரித்துவிடவும் கூடும். அப்படி ஆன பின்பு அந்த வீட்டுத் துணி துவைக்கும் மெசினுக்குப் பாதுகாப்பே இருக்காது. வீட்டுக்காரருக்கு அது தெரியவும் தெரியாது. எனவே கிளாம்ப் வேலை செய்கிற துண்டிலேயே, அடிக்கும் இடத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். பெயின்டையும் துருவையும் கிரைண்டரால் எடுத்துவிட்டுப் பளபளக்கும் இரும்பில் அழுத்திக் கடிக்க வேண்டும். ஆட்டோகேட் மோட்டாரை மின்சாரத்திலிருந்தும் கேட்டிலிருந்தும் கழற்றிவிட வேண்டும்.

அந்தப் பாதையில் மனிதன் நின்றுவிட்டால் என்ன ஆகும்?

அடிக்காமல் சும்மா இருக்கும்போதும் ஹோல்டருக்கும் கிளாம்ப்புக்கும் இடையே 60, 70 வோல்ட் இருக்கலாம். வீட்டு மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே என்று தோன்றும். உலர்ந்த தோலுக்கு அது சரிதான். வியர்வையில் நனைந்த உடம்பின் தடை சுமார் 1,000 ஓமுக்கு இறங்கிவிடும். 70 வோல்ட்டை அதால் வகுத்தால் 70 மில்லிஆம்பியர். இதயத்தின் தாளத்தைக் குலைத்து ஆளைக் கொல்ல அது போதுமானதாக இருக்கலாம். நம் ஊரில் வியர்க்காமல் யார் வெல்டிங் அடிக்கிறார்?

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. டிபி பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபி, பழைய ஆட்கள் இஎல்சிபி என்பார்களே, அது சுவர்ப் பக்கத்து மின்கசிவைத்தான் பிடிக்கும். மெசினுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ராட் பக்கத்தைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ராட் பக்கம் ஷாக் அடித்தால் அந்த ஆர்சிசிபி அசையாது. அது கட்டாயம் வேண்டும். ஆனால் உன் கைக்கு அது காவல் இல்லை.

நான் இளைஞனாக இருந்தபோது ஒரு பட்டறையில், மழை பெய்து தரை ஈரமான ஒரு மாலையில், மல்லாந்து படுத்துக்கொண்டு அடித்தேன். கையுறை நனைந்திருந்தது. புது ராடை மாட்டும்போது கை ஹோல்டரோடு இறுகிக்கொண்டது. என்னால் விட முடியவில்லை. கத்தவும் முடியவில்லை. கூட இருந்தவர் என்னைத் தொடாமல் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தார். அவர் பதற்றத்தில் என் கையைப் பிடித்து இழுத்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம். அந்த நிமிடத்திலிருந்து எனக்குச் சில வழக்கங்கள் வந்துவிட்டன. உலர்ந்த தோல் கையுறை எப்போதும் இரண்டு ஜோடி. காலுக்குக் கீழே காய்ந்த பலகை. ராட் மாற்றும்போதும் கையுறையைக் கழற்றுவதில்லை. ராடை அக்குளில் இடுக்குவதில்லை, கேபிளைத் தோளில் சுற்றுவதில்லை, சூடான ஹோல்டரைத் தண்ணீரில் முக்குவதில்லை. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் வேலையை நிறுத்திவிடுவேன். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழை நமக்காகக் காத்திருக்காது. தனியாக வேலைக்குப் போகிறவன், சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குக் காட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். ஒருவருக்கு ஷாக் அடித்துவிட்டால் முதலில் சுவிட்ச், பிறகு 999, மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவி.

"சரி அண்ணே, பைப் அடிச்சா ராத்திரி காய்ச்சல் வருதே, அது ஏன்?"

கேட்டுவிட்டானே என்று நிம்மதியாக இருந்தது. ஜிஐ பைப்பின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே இரும்பு உருகத் தொடங்கும் முன்பே வெள்ளைப் புகை எழுந்து மூக்குக்கு வந்துவிடுகிறது. மாலையில் குளிர், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை, காய்ச்சல். ஓரிரு நாளில் தெளிந்துவிடும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பால் குடித்தால் சரியாகும் என்று நானும் வருடக்கணக்கில் குடித்தேன். பால் போவது வயிற்றுக்கு. புகை போவது நுரையீரலுக்கு. இரண்டும் சந்திப்பதே இல்லை.

காய்ச்சல் தெளிந்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம் தெளியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017இல் எல்லா வெல்டிங் புகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. சிகரெட் புகை இருக்கும் அதே பிரிவு. இப்போது தெருவுக்குத் தெரு எல்லோரும் விரும்பும் ஸ்டெயின்லஸ் கேட்டின் புகையில் குரோமியமும் நிக்கலும் சேர்ந்து வருகின்றன. அதில் இன்னும் கவனம் வேண்டும்.

இதற்கும் வழி உண்டு. அடிக்கும் இடத்தின் இரு பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிடு. புகை நேராக மேலே எழும். அதன் பாதையில் தலையை நீட்டாதே, பக்கவாட்டில் உட்கார். விசிறியைப் பக்கத்திலிருந்து மெல்ல வீசும்படி வை. முகமூடிக்குள் என்95 வகை சுவாச மாஸ்க் போட்டுக்கொள். மருத்துவமனையில் போடுகிற நீல மாஸ்க் இந்தப் புகையைத் தடுக்காது. பிரேக் கழுவுகிற ஸ்ப்ரேயால் துடைத்த இரும்பை ஒருபோதும் அடிக்காதே. அவற்றில் சிலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். வெப்பத்திலும் வெல்டிங் ஒளியிலும் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது.

கண்ணைப் பற்றி அவனுக்கு நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. முதல் வாரத்திலேயே பட்டிருக்கிறான். ஒரு சின்ன டேக் புள்ளி அடிக்கத்தானே என்று முகமூடி இல்லாமல் நாலைந்து முறை அடித்திருக்கிறான். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நடுராத்திரியில் கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல் எழுந்திருக்கிறான். புற ஊதா ஒளி கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. வலி பல மணி நேரம் கழித்துத்தான் வரும். அவன் அம்மா உருளைக்கிழங்கை வெட்டி வைத்தார்களாம். குளிர்ச்சி இதமாக இருக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குள் எதையும் பிழியாமல், கசக்காமல், டாக்டரிடம் போவதே சரி. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவருக்கும் அதே சூடுதான். வெள்ளைச் சுவரும் ஸ்டெயின்லஸ் தகடும் அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும். தெருவோரம் அடிக்கும்போது ஒரு தடுப்புத் திரை கட்டாமல் தொடங்கக் கூடாது. சட்டை நீளக்கை, பருத்தி. பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

பிறகு அந்தக் கேஸ் தோங்கைத் திரும்பவும் காட்டினேன்.

வெல்டிங் பொறி 35 அடி வரை போகும் என்று வைத்துத்தான் தீப்பாதுகாப்பு விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. நம் வரிசை வீடுகள் பலவற்றின் அகலம் 20, 22 அடி. அப்படியானால் உன் பொறி பக்கத்து வீட்டுக்கும் சொந்தம். 1996 நவம்பர் 20 அன்று ஹாங்காங்கில் கார்லி கட்டடத்தில் லிஃப்ட் மாற்றும் வேலை நடந்தது. லிஃப்ட் குழிக்குள் வெல்டிங் அடிக்கும்போது பிடித்த தீ கட்டடத்தில் ஏறியது. 41 பேர் இறந்தார்கள். கீழே விழும் பொறியை மேலே இருப்பவனால் பார்க்க முடியாது.

ஜன்னலுக்கு வெளியே கிரில் அடிக்கிறாய்; உள்ளே திரை தொங்குகிறது. போர்ச்சில் செருப்பு அலமாரி, பழைய பேப்பர், தோங். எல்லாவற்றையும் முதலில் நகர்த்து. நகர்த்த முடியாததைத் தீப்பிடிக்காத துணியால் மூடு. காரை வெளியே எடுக்கச் சொல். கண்ணாடியில் விழும் பொறி ஆயிரம் புள்ளிகளாக உறைந்து நிற்கும், தேய்த்தாலும் போகாது. தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அடித்து முடித்த உடனே கிளம்பாதே. ஒரு மணி நேரம் இரு. பஞ்சிலும் மரத்தூளிலும் விழுந்த பொறி வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருந்து பிறகுதான் எரியும். அந்த நேரத்தில் பெயின்ட் முதலான மற்ற வேலைகளைப் பார்க்கலாம், ஆனால் பெயின்டைக் கடைசியில் திற.

பழைய எண்ணெய்த் தோம்பை வெட்டி வாட்டுகிற அடுப்பு செய்து தரச் சொல்லி யாராவது கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொள். 1978 அக்டோபர் 12 அன்று சிங்கப்பூர் ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்தது. வெட்டும் டார்ச்சின் பொறி எண்ணெய்த் தொட்டியில் தேங்கியிருந்த ஆவியைப் பற்றவைத்தது. மதியச் சாப்பாடு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தவர்களில் 76 பேர் இறந்தார்கள். எண்ணெயைவிட அதன் ஆவிதான் வெடிக்கும். காலித் தோம்பில் ஆவிக்கு இடம் அதிகம்.

"வாரக்கடைசி வேலைதானே அண்ணே, இவ்வளவும் வேணுமா?" என்றான். சலிப்பாகக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டான். வேண்டும் என்றேன். நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சுயமாகத் தொழில் செய்கிறவருக்கும் மற்றவர் உயிர் மீது கடமை வைத்திருக்கிறது. திருத்தப்பட்ட பின் 2024 ஜூன் 1 முதல் அது ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. சுயதொழில் செய்கிறவர்களுக்கென்று 2017இல் சொக்சோ சமூகப் பாதுகாப்புக்கும் சட்டம் வந்தது. அதில் பதிந்துகொள்ளச் சொன்னேன். சான்றிதழோடு கற்க வேண்டுமானால் கியாட்மாரா பயிற்சி மையங்களில் வெல்டிங் வகுப்பு உண்டு.

மெசினைப் பராமரிப்பது இவற்றோடு ஒப்பிட்டால் எளிது. ஒவ்வொரு முறையும் பிளக்கைச் சொருகும் முன், கேபிளை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கைக்குள் விட்டு இழுத்துப் பார். வெடிப்பு இருந்தால் கறுப்பு டேப் சுற்றி ஏமாற்றாமல் மாற்று. 200 ஆம்பியருக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போடு. மலிவாகக் கிடைப்பது பல நேரம் செம்பு பூசிய அலுமினியம். வேலை முடிந்து அணைத்த பின் இணைப்புகளைத் தொட்டுப் பார். மற்றதைவிட ஒன்று அதிகம் சுட்டால் அங்கே பிடி தளர்ந்திருக்கிறது. கிரைண்டர் தூசி இரும்புத் தூசி. அது மெசினுக்குள் போனால் சர்க்யூட்டின் மேல் படிந்து குறுக்குப் பாதை போடும். கிரைண்டரை மெசினின் முகத்துக்கு நேராகப் பிடிக்காதே. மாதம் ஒரு முறை பிளக்கைக் கழற்றிவிட்டு உலர்ந்த காற்றால் துளைகள் வழியாக மென்மையாக ஊது. மூடியைத் திறப்பது தெரிந்தவர் வேலை. அணைத்த பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் காத்திருக்கும். ராடுகளை மூடியுள்ள டப்பாவில், உலர்ந்த இடத்தில் வை. ஈரம் குடித்த ராட் எச்சில் துப்புகிற மாதிரி சிதறும்.

தேநீர் தீர்ந்தது. அவன் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த ஞாயிறு பாண்டான் இண்டாவில் ஒரு வீட்டுக்கு அவன் ஜன்னல் கிரில் மாட்டப் போயிருந்தான். நானும் எட்டிப் பார்க்கப் போனேன். மெசின் காய்ந்த பலகையின் மேல் இருந்தது, வயர் முழுதாக அவிழ்ந்து கிடந்தது, கிளாம்ப் கிரில்லிலேயே கடித்திருந்தது. அவனைத்தான் காணவில்லை. வீட்டுக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"ஆன்ட்டி, இந்த ஜன்னல் திரையக் கழட்டிடலாமா? நான் வெளியில இருந்தா எனக்கு இது தெரியாது."

பிறகு வெளியே வந்தான். தெருவை இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்தான். முகமூடியை இறக்கினான்.